ஏசுதாஸ் நலமாக இருக்கிறார்

"எந்தச் சர்வேக்காரனும் என் வாயிலேர்ந்து ஒரு நெசத்தப் புடுங்க முடியாது, வே!" என்று தாராவி டீக்கடையில் ஏசுதாஸ் அறிவித்தபோது, பக்கத்து வீட்டு சுடலைக்கண்ணன் டீயை ஊதுவதை நிறுத்தினார். "அதுக்கு மொதல்ல ஒம்ம வாய்ல நெசம் இருக்கணும்லா" என்றார்.

கேலியைப் பொருட்படுத்துபவரல்ல ஏசுதாஸ். தோல்பை தைக்கும் பட்டறையில் முப்பத்தோரு ஆண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தவர். வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடியில் புதுவீடு தரப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அவருக்கு ஒரே பயம்: வீட்டில் முழுக் குடும்பமும் இல்லை என்று சர்வேயில் தெரிந்தால் லிஸ்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாருந்தான்" என்பார்.

மகன் ஜெப்ரியும் மருமகள் ஸ்வீட்டியும் டோம்பிவிலிக்குக் குடிபோய் இரண்டு வருடம். பேரனைப் பார்த்துக்கொள்ள மனைவி சகாயராணியும் கூடவே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பேரன் அழுததும் வைத்துவிடுவார்கள். ஏசுதாஸ் மட்டும் வீட்டுக்குக் காவல். வாசலில் நாலு ஜோடி செருப்பு. குழாயடியில் நாலு பிரஷ். நாலையும் தினமும் காலையில் கடமை தவறாமல் நனைத்து வைப்பார்.

இந்தக் கோட்டைக்குள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவிலிருந்து ஸ்மிதா டேப்லெட்டோடு நுழைந்தாள். கல்லூரியில் மனவியல் ஆராய்ச்சியாம். மன அழுத்தத்தை ஜனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், கோபதாபங்களை எப்படி அடக்குகிறார்கள் என்று எழுதிக்கொள்கிறாளாம். ஏசுதாஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எந்தச் சர்வேக்காரன் தன்னைச் சர்வேக்காரன் என்று சொல்லிக்கொண்டு வருவான்?

"அங்கிள், போன வாரம் எத்தனை நாள் தூக்கம் வராம இருந்தேள்?"

எத்தனை பேர் இங்கே படுக்கிறார்கள் என்று தோண்டுகிறாள்! "நாலு பேரும் நல்லா உறங்குதோம்."

"கோபம் வந்தா?"

"வராது."

"வருத்தம்?"

"அதுக்கு இங்க எடமேது? நாலு பேருல்லா இருக்கோம்."

"பதினேழாவது கேள்வி. மனசு சரியில்லேன்னா யார்ட்ட சொல்லுவேள்?"

"ஆளுக்கா பஞ்சம்? பொண்டாட்டிட்ட சொல்லுவேன், மவன்ட்ட சொல்லுவேன், மருமவட்ட சொல்லுவேன்."

ஸ்மிதா சுற்றுமுற்றும் பார்த்தாள். "அவாள்ளாம் எங்கே?"

"இப்பந்தான் மார்க்கெட்டுக்குப் போனாவ."

மூன்று செவ்வாய்க்கிழமை வந்தாள். மூன்றிலும் குடும்பம் மார்க்கெட்டில்தான் இருந்தது. இத்தனை நிம்மதியான மனிதரை அவளுடைய ஆராய்ச்சி அதுவரை கண்டதில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து ஏசுதாஸ் செவ்வாய் தோறும் சவரம் செய்துகொண்டு, பால் வாங்கி வைத்துக் காத்திருந்தார். உளவு பார்க்க வருபவளானாலும் ஒரு மரியாதை வேண்டாமா? தவிர, நன்றாகத் தூங்கினீர்களா என்று அவரைக் கேட்கும் ஒரே ஆள் அவள்தான்.

மூன்றாவது வாரம் கடைசிக் கேள்வியும் முடிந்தது. "ஆச்சு அங்கிள். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

"அடுத்த செவ்வா?"

"வேற வீடு."

எதிரி தோற்றுத் திரும்புகிறாள், வீடு தப்பித்தது. ஏசுதாஸ் துள்ளி எழுந்து வழியனுப்பியிருக்க வேண்டும். அவரோ உட்கார்ந்தே இருந்தார்.

"அந்த டேப்லெட்ட பையில வைக்காதீங்கம்மா."

"ஏன் அங்கிள்?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "லிஸ்டுலேர்ந்து பேரு போனாப் போவுது. அந்தப் பதினேழாவது கேள்விய இன்னொருக்கக் கேளுங்க."

கேட்டாள்.

"ஆரும் இல்லம்மா" என்றார் ஏசுதாஸ். "ரெண்டு வருசமா நான் மட்டுந்தான்."