நல்லேருக்குப் போன மாடு

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐம்பதுகளின் நடுவில் அப்பா இறந்ததும் அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாக முன்பே சொல்லிவிட்டேன். உழுகிறவர் அண்ணன்தான். ஆகவே உழவு மாடு இரண்டும் அவருக்கே என்று பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். நான் மட்டும், மாட்டிலும் எனக்குப் பங்கு வேண்டும் என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டார். "ஒனக்கு எதுக்குடா மாடு? பெஞ்சுல ஒக்கார வச்சு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கவா?"

கூட்டமே சிரித்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. வலப்பக்கம் பூட்டுகிற மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கன்றிலிருந்து ஒன்றாகப் பழகிய ஜோடியைப் பிரித்தால் மிஞ்சியது வேறு மாட்டோடு லேசில் சேராது. குடியானவன் மகனுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் செய்தேன். அண்ணன் ஒன்றிரண்டு மாடுகளைச் சேர்த்துப் பார்த்தார். அவருடைய மாடு நுகத்தை உதறிவிட்டு நின்றது. ஊரார் உழுது முடித்த பிறகு அவர்களிடம் ஏர் இரவல் வாங்கினார். அதற்குள் மண் காய்ந்துவிட்டது. அந்த வருடம் அவர் விதைத்த கடலை பாதிகூட முளைக்கவில்லை. என் வீட்டு மாடோ வேலையில்லாமல் தின்று கொழுத்தது.

சித்திரை முதல் நாள் எங்கள் பக்கம் நல்லேர் பூட்டுவார்கள். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, வீட்டுக்கு ஓர் ஏராகக் கோயில் வயலில் வரிசையாக நின்று உழுவார்கள். புது வருடத்தின் வெள்ளாமை அங்கேதான் தொடங்கும். பாகம் பிரித்த பிறகு வந்த முதல் சித்திரையில் எங்கள் வீட்டு ஏர் வரிசையில் இல்லை. அண்ணன் வரப்பில் கைகட்டி நின்றார். ரோட்டிலிருந்து பார்த்த எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

அடுத்த சித்திரைக்கு முதல் நாள் என் மனைவி மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நல்லேரு. நீங்க ஓட்டிட்டுப் போறீங்களா, நான் ஓட்டிட்டுப் போகட்டுமா?"

"அண்ணன் வேணாம்னு சொல்லிட்டா?"

"சொன்னா வாங்கிக்கிட்டு வாங்க. நீங்க பண்ணுனதுக்கு அது ரொம்பக் கொறைச்சல்."

காலையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு கோயில் வயலுக்குப் போனேன். ஏர்கள் எல்லாம் பூட்டியாகிவிட்டன. யாரோ வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "என்ன வாத்தியாரே, மாடு பாஸ் பண்ணிருச்சா?"

அந்த வருடமும் வரப்பிலேயே நின்ற அண்ணன் சிரிக்கவில்லை. வரப்பைவிட்டு இறங்கி வந்து மாட்டின் வயிற்றைத் தடவினார். போகச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"இப்படியாடா தீனி போட்டு வைப்பே? வெயில்ல நாலு சுத்து தாங்காது" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மதினிக்குக் கேட்கும்படி கத்தினார்: "ஏ புள்ள, அந்த மாட்டை அவுத்துட்டு வா! கலப்பையை நான் வந்து எடுத்துக்கிறேன்."

இரண்டையும் பக்கத்தில் நிறுத்தியதும் ஒன்றையொன்று முகர்ந்தன. நுகத்தடியைத் தூக்கியபோது என் மாடு தானாகவே வலப்பக்கம் போய்க் கழுத்தைக் கொடுத்தது. எங்களுக்காக வரிசை நகர்ந்து இடம் விட்டது.

உழுது முடித்து நுகத்தை இறக்கும்போது, அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சாயந்தரம் மாட்டைப் புடிச்சுட்டுப் போயிருவியா?"

"இல்லண்ணே. அது இங்கிட்டே இருக்கட்டும். நான் பண்ணுனது தப்பு."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "சரி விடு. மழை விழுந்தா மொதல்ல மேலக்கொல்லையை உழுதுறலாம்" என்று பேச்சை வேலைக்குத் திருப்பிவிட்டார்.

அவருக்குப் பாழாய்ப்போன அந்த வெள்ளாமையை என்னால் திருப்பித் தர முடியாது. அது இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் அன்று மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சும்மா தலையைச் சாய்த்தவன், பொழுது இறங்கும்வரை தூங்கினேன்.