பயப்படணும், ஓடிடக் கூடாது

என் வீட்டுக்காரி தவறிய பிறகு மகனும் மகளும் பகலெல்லாம் என்னோடு இருப்பார்கள். விளக்கு வைக்கிற நேரமானால் சாப்பிடவும் படுக்கவும் அடுத்த தெருவில் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. அங்கே அத்தை இருந்தாள், சூடாகச் சோறு இருந்தது. அனுமந்தன்பட்டியில் அந்த வீடும், செவலைப் பசுவும், முருகன் படமும்தான் எனக்கு மிச்சம்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பக்திக் கதை வாசித்தால் மகன் கொட்டாவி விடுவான். ஒருநாள் கிணற்றடிப் பேயைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இரண்டும் என்னை ஒட்டி வந்து உட்கார்ந்தன. அந்தச் சூட்டுக்காகவே உத்தமபாளையம் சந்தைக்குப் போய், சாக்கு விரித்துப் புத்தகம் விற்கிறவரிடம் நின்றேன்.

"பேய் வேணுமா, கொள்ளைக்காரன் வேணுமாய்யா?"

"பிள்ளைக பயப்படணும். ஆனா எந்திரிச்சு ஓடிடக் கூடாது."

"அதை நிறுத்துப் பாக்க எங்கிட்டத் தராசு இல்லையே!" என்று சிரித்தார்.

வாங்கி வந்த பேய்க்கு மகன் அசரவில்லை. "நம்ம அத்தை இதை விடச் சத்தமாக் கத்துவாக" என்றான்.

பரணில் ஒரு புராணம் கிடந்தது. என் வீட்டுக்காரியின் காரியம் முடிகிறவரை வீட்டில் படித்தது. சாவு விழுந்த வீட்டைத் தவிர வேறெங்கும் அதைப் படிக்க மாட்டார்கள். இதுவும் அப்படிப்பட்ட வீடுதானே என்று எடுத்தேன். நரகத்து எண்ணெய்க் கொப்பரை வந்ததும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மகள் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். மனசு நிறைந்துபோய் மேலே வாசித்தேன். செத்தவர்கள் தாண்ட வேண்டிய ரத்த ஆறு வந்தது. பசுவைத் தானம் கொடுத்திருந்தால் அதன் வாலைப் பிடித்துக் கரை ஏறலாம் என்று இருந்தது.

முதுகில் இருந்த பிடி விட்டது.

"அப்பா, நம்ம ஆத்தா தாண்டிருச்சா?"

நாங்கள் பசு கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தேங்காய் வைத்துச் சடங்கை முடித்திருந்தோம்.

"செவலை வாலைப் பிடிச்சுத் தாண்டிருச்சு கண்ணு."

"செவலை இங்கனதான நிக்குது?"

"கரை சேத்துட்டுத் திரும்பி வந்துருச்சு."

"போப்பா, பொய் சொல்ற." அண்ணன் கையை இழுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்கு நடந்துவிட்டாள். இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன். முருகா, என் வீட்டுக்காரி கரை சேர்ந்தாளா என்று படத்தைப் பார்த்து நானும் அன்றுதான் கேட்டேன்.

விடிந்ததும் செவலையை வாய்க்காலில் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கட்டினேன். மகள் தனியாக வந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே தொழுவத்துக்குப் போய் வாலைத் தொட்டாள்.

"அப்பா, வாலு ஈரமா இருக்கு!"

நான் செவலைக்கு வைக்கோலை அள்ளிப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அத்தை வந்து வாசலில் நின்று சத்தம் போட்டாள். "ஏலே, சோறு ஆறுது, மாமா தேடுறாக!"

"செவலை அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்து அலுத்துக் கெடக்கு. தனியா விட்டுட்டு வர மாட்டோம்" என்றாள் மகள். அண்ணனும் தலையாட்டினான்.

அவர்கள் தங்கியது பசுவுக்காகத்தான். நான் உள்ளே போய் உலையில் மூன்று பேருக்கு அரிசி போட்டேன்.