புனலூர் மலைப்பாதையும் ஓர் இரவல் சக்கரமும்

எண்பதுகளின் தொடக்கம். எங்களுக்குத் திருமணமாகி வந்த முதல் தை மாதம். புனலூரில் என் மனைவி ஜெசியின் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பைக்கிலேயே மலை தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்கு ஆசை. சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வாரம் வாசுதேவநல்லூர் போய்த் திரும்பும்போது, குளத்தங்கரையில் ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தும் வண்டி உருண்டுகொண்டே போய், வயலுக்குள் இறங்கித்தான் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஜெசி சேலையை உதறிக்கொண்டு சொன்னாள்: "இந்தப் பிரேக்க நம்பி நான் மலை எறங்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

மெக்கானிக் காதர் பாய் முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "பிரேக் கட்டைய மாத்தினா மட்டும் பத்தாது சார். கனத்த வண்டி. உள்ள ரெண்டு கட்டை இருந்தாலும் ஒண்ணுதான் நல்லாப் பிடிக்கி. ரெண்டும் பிடிக்க மாதிரி ரெட்டை கேம் சக்கரம் இருக்கு. அத மாட்டிருவோம்."

அப்படியொரு சக்கரம் திருவேங்கடத்தில் வேலுச்சாமி என்ற பருத்தி விவசாயியிடம் இருப்பதாகவும் சொன்னார். இதே மாதிரியான தன் பைக்குக்காக மதுரையில் வாங்கி வைத்திருந்தாராம். மறுநாள் டவுன் பஸ்ஸில் நானும் ஜெசியும் போனோம்.

"விக்கதுக்கு இல்லையே தம்பி" என்றார் அவர். ஜெசி ஆட்டுக் கூட்டத்தையும் அக்கா குழந்தையையும் பற்றிச் சொன்னாள். கேட்டுவிட்டு உள்ளே போனவர் சக்கரத்தோடு வந்தார். "விக்க மாட்டேன். மாட்டிக்கிட்டுப் பத்திரமாப் போயிட்டு வாங்க. பிள்ளையப் பாக்கணும்லா?"

எங்களை அவர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். முன்பணம்கூடக் கேட்கவில்லை. திரும்பும்போது கண்டக்டர் சக்கரத்துக்கும் டிக்கெட் கிழித்தார்.

காதர் பாய் சக்கரத்தை மாட்டி, கேபிளைச் சரிசெய்து தந்தார். ராஜபாளையம் சாலையில் நாலைந்து முறை ஓட்டி, வேகமாகப் போய் நிறுத்திப் பார்த்தேன். ஜெசி பின்னால் உட்கார்ந்து பார்த்த பிறகே சம்மதித்தாள்.

விடியற்காலையில் கிளம்பினோம். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளின் வாசனை, செங்கோட்டையில் இட்லி. ஆரியங்காவு தாண்டியதும் இறக்கம். அந்த வழியில் போகிறவர்களுக்கு ஒன்று: இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வராதீர்கள்; சூடேறினால் எந்தப் பிரேக்கும் கைவிட்டுவிடும்.

தென்மலைக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. திரும்பியதும், அச்சு முறிந்த மர லாரி ஒன்று பாதையை அடைத்து நின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். முன்பக்கம் அமுங்கி, ஜெசி என் முதுகில் மோதினாள். லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரத்தைக் கைநீட்டித் தொடும் தூரத்தில் வண்டி நின்றது.

குழந்தையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும், சக்கரத்தைக் கழற்றித் தருவதற்காக, பழைய சக்கரத்தை ஜெசி மடியில் வைத்துக்கொள்ள, அதே வண்டியில் திருவேங்கடம் போனோம். லாரியைப் பற்றிச் சொன்னேன். வேலுச்சாமி அண்ணாச்சி குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கழட்டாதீய. எனக்கு ஓட்டமெல்லாம் கரிசக்காட்டுல. இங்கன மலை எங்க கெடக்கு? கொண்டாந்திருக்க பழைய சக்கரத்தக் குடுங்க, போதும்."

ஜெசி நன்றி சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்காதவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அது கெடக்கட்டும், பிள்ள முகம் யாரு சாடை?"