படத்தில் ஊதிய சங்கு

மூன்று வருடத்துக்கு முன், போடிமெட்டைத் தாண்டி இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. ஞாயிறு மதியங்களில், வாயனசாலை என்று நாங்கள் சொல்லும் எஸ்டேட் நூலகத்தின் சார்பில் நல்ல படங்கள் போட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. கிளப் ஹாலுக்காக மேனேஜரிடம் நடையாய் நடந்தேன். ஒரு சின்னத் தொந்தரவு வந்தாலும் சாவியைத் திருப்பி வாங்கிவிடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

முதல் படம் என் தேர்வு. அந்தக் காலத்து இங்கிலாந்து கறுப்பு வெள்ளைப் படம். விளைச்சலைப் பெருக்குகிறேன் பேர்வழி என்று ஒரு டாக்டர் மருந்து கண்டுபிடிக்க, குடுவையில் இருந்த பாசி பொங்கிப் பொங்கி ஆய்வுக்கூடத்தையே விழுங்குகிறது. வந்தவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது படத்தில் ஆபத்து சைரன் அலறியது. நன்றாகக் கேட்கட்டும் என்று கல்யாண வீட்டு ஸ்பீக்கர் வேறு வாங்கி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் பேக்டரி சைரனுக்குப் பெயர் சங்கு. வேலை நேரத்துக்கு ஊதும். நேரம் கெட்டு ஊதினால் தீ, இல்லையென்றால் மண்சரிவு. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை!

கதவு படாரென்று திறந்தது. பாசிதான் வந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்கள் அலறினார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஜனம் மொத்தமும் வாளி, மண்வெட்டியோடு நிற்கிறது. திரையில் புகையைப் பார்த்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் வாளித் தண்ணீரை வீசினார். தடுக்கப் போன நான் முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

"தீ இல்லக்கா, படம்!"

"சங்கு ஊதுச்சேப்பா?"

"அதுவும் படத்துலதான்க்கா."

கடைசியில் மேனேஜரே ஓடி வந்தார், கையில் தீயணைப்பு சிலிண்டர், காலில் செருப்பில்லை. கேட்பதற்கு முன்பே சாவியை நீட்டினேன். அவர் கண் திரையில் இருந்தது.

"சவுண்டு கொறச்சு வை. படம் தீரட்டே" என்று தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அக்காவும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். படத்தில் டாக்டர் உள்ளே மாட்டியிருக்க, மற்றவர்கள் காரை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்ப்பா, சங்கு ஊதுனா இவனுக வெளிய ஓடுறானுக? உள்ள கெடக்குறவன யாரு தூக்குவா?"

நனைந்த சட்டையோடு நானும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போதும் சங்கு ஊதினால் சிரிப்புத்தான் வருகிறது. கூடவே, எனக்கு ஒன்று என்றால் உள்ளே ஓடி வர ஒரு ஊரே இருக்கிறது என்ற தைரியமும் வருகிறது.