பிரிக்கக் கூடாத புத்தகம்

ஹோஸியத் அக்கா இரண்டாம் முறையாகக் கைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருக்கிறாள். முழங்கை வரை நுரை. வெங்காயமும் ஆட்டுக்கொழுப்பும் பிசைகிற கை, ஒரு கழுவலில் வாசனை போகாது. நூலகத்தின் பின்னறையில் நாங்கள் எட்டுப் பேர் தேநீரோடு காத்திருக்கிறோம். கழுவியபின் துண்டில் துடைக்க மாட்டாள். விரல்களை விரித்துக் காற்றில் உலர்த்தியபடியே வந்து உட்காருவாள், அதற்கப்புறம்தான் தாளைத் தொடுவாள். "கொழுப்புக் கையோட இதத் தொட்டா என் கை விளங்காது" என்பாள். அது நகலெடுக்கும் கடையில் எடுத்த சாதாரணத் தாள்தான். அதை அவளிடம் சொல்லிப் பயனில்லை.

வயது அறுபத்தொன்று. பஞ்ஷன்பே சந்தையின் மேற்கு வாசலில் இருபத்தாறு வருடமாகச் சம்பூசா சுடுகிறாள். தந்தூர் அடுப்பின் வாய்க்குள் தோள் வரை கையை விட்டு, இறைச்சி அடைத்த மாவை உட்சுவரில் அறைந்து ஒட்டுவதால் வலது கையில் ஒரு முடி கிடையாது. அந்த நெருப்புக்குப் பயப்படாதவள் மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். இடி, பழக்கமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு, மூடிய உறை, சீருடை போட்ட எவனும். தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவனுக்குக் கூடக் கதவை ஒருக்களித்துத்தான் திறப்பாள். நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அவளுக்கு அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறேன். ஆனாலும் முதல் இரண்டு வருடம் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவாள். பிறகு விசாரித்ததில், காரணம் என் நீலச் சட்டையாம். "பொத்தான் வேற பளபளன்னு வச்சிருக்க. நான் என்னத்தக் கண்டேன்" என்றாள்.

எங்களைச் சேர்த்து வைத்தவள் மருந்துக்கடை ஃபரோகத். முப்பத்து நாலு வயது, பாரசீகம் படித்துவிட்டு மாத்திரை விற்கிறாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு, பள்ளிக்கூடத்தில் தூங்கிவிட்டு வயதான பிறகு விழித்துக்கொண்ட எங்களை வைத்துப் பழங்காவியம் படிக்கிறாள். முதல் வருடம் எங்கள் மொழியையே ரஷ்ய எழுத்தில் அச்சடித்த புத்தகங்களைப் படித்தோம், அது எங்களுக்குப் பள்ளியிலேயே தெரிந்த எழுத்து. இந்த வருடம் பழைய அரபு எழுத்து, வேதத்தில் இருப்பது, வலமிருந்து இடம் போவது. அது எங்கள் தாத்தாக்களோடு போய்விட்ட எழுத்து. நாங்கள் ஐம்பது தாண்டி அ, ஆ எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் சபைக்கு ஒரு விதி உண்டு. தேநீர்க் கிண்ணம் ஒன்றுதான், வட்டமாகச் சுற்றி வரும். அது யார் கைக்கு வருகிறதோ அவர் ஓர் இணைவரியை வாசித்த பிறகே குடிக்கலாம். ஹோஸியத் அக்கா இதுவரை சூடான தேநீர் குடித்ததில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தடவி, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, பயந்து பின்வாங்கி, மறுபடி தொடங்குவாள். டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற உபைதுல்லோ அண்ணன்தான் அவளுக்கு அடுத்த ஆள்.

"அக்கா, நான் தொண்டை வறண்டு செத்தா பாவம் உங்களுக்குத்தான்."

"சும்மா இருய்யா. நீ டிராக்டருக்கு எண்ணெய் ஊத்தற மாதிரி கடகடன்னு ஊத்திட்டுப் போற. இது எழுத்து. கோவிச்சுக்கும்."

எழுத்து கோபித்துக்கொள்ளும் என்பதை அவள் மெய்யாகவே நம்பினாள். தெருவில் அந்த எழுத்து அச்சான துண்டுக் காகிதம் எதைக் கண்டாலும் குனிந்து எடுத்து, முத்தமிட்டு, கால்படாத உயரத்தில் சுவர் விரிசலில் செருகுவாள். எங்கள் ஊரில் அநேகமாக எல்லோரும் செய்வதுதான். படிக்கத் தெரியாத எழுத்து, ஆகவே புனித எழுத்து. ஒரு தடவை அப்படி அவள் செருகப்போன காகிதத்தை ஃபரோகத் வாங்கிப் பார்த்தாள். ஈரானிலிருந்து வந்த சோப்பின் உறை. "கைகளுக்கு மென்மை தரும். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று வாசித்துக் காட்டினாள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உபைதுல்லோ அண்ணன், "அப்போ மூணாவது முத்தம் இலவசமாக்கா" என்று கேட்டார். ஹோஸியத் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அப்போது அவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வீட்டில் ஒரு புத்தகம் இருப்பது எங்கள் பகுதிக்கே தெரியும். பஞ்சுப் போர்வைகள் அடுக்கிய சுவர்மாடத்தின் உச்சியில், சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருப்பாள். தாத்தாவுடையது. அவளுடைய அம்மா சாகும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "இதப் பிரிக்காத. பிரிச்சா குடும்பம் அழிஞ்சு போகும்." அம்மா அதை ஒரு முல்லாவுக்குக் கூடப் பிரித்துக் காட்டியதில்லை. அல்லாவின் வேதம்தான், அவ்வளவு புனிதம் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். திடுக்கிட்டு எழுந்து அழும் குழந்தையின் நெற்றியில் அதை வைப்பார்கள். மணப்பெண் அதன் அடியில் குனிந்து போவாள். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிற ஆண்கள் கிளம்பும் நாளில் வாசலுக்கு வருவார்கள். ஹோஸியத் அக்கா கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை உயர்த்திப் பிடிப்பாள், அவர்கள் மூன்று தரம் அதன் கீழே புகுந்து போவார்கள். அவளுடைய ஒரே மகன் ஷெராலி எட்டு வருடமாக அப்படித்தான் போகிறான். யெகாத்தரின்பர்கில் பதினாலாம் மாடிக்கு வெளியே சாரத்தில் நின்று பூச்சு வேலை. என் வீட்டுக்காரரும் இந்த வசந்தத்தில் அப்படித்தான் போனார்.

அதைப் படிக்க வேண்டும் என்றுதான் அவள் சபையில் சேர்ந்தாள். "பிரிக்கக் கூடாது, சரி. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா மனசுக்குள்ளயே சொல்லிக்கலாம்ல" என்பது அவள் கணக்கு. பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதற்கு, "அது அப்புறம்" என்றாள்.

நவம்பர் மாத முதல் சனிக்கிழமை ஃபரோகத் ஒரு பழைய கல்லச்சுப் புத்தகத்தின் பக்கங்களை நகலெடுத்து வந்தாள். கட்டம் போட்ட பக்கம். நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெற்றிடம், அதற்கு இருபுறமும் வரிகள். "இதப் பாத்ததும் கண்டுபிடிக்கலாம். இப்படி ரெண்டு பத்தியாப் பிரிஞ்சிருந்தா அது கவிதை. வேதத்த யாரும் இப்படி எழுதமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொன்று கொடுத்தாள். அவள் அதைப் பாடமாகக் கூடச் சொல்லவில்லை. போகிற போக்கில் சொன்னாள்.

கிண்ணம் ஹோஸியத் அக்காவிடம் வந்தது. அவள் வாங்கினாள். தாளைப் பார்த்தாள். தேநீர் முதலில் விளிம்பில் ஆடியது, பிறகு மடியில் கொட்டியது. கொதிக்கும் தேநீர். அவள் துடைக்கவும் இல்லை, சுட்டதாகக் காட்டவும் இல்லை. கிண்ணத்தை அப்படியே உபைதுல்லோ அண்ணனிடம் தள்ளிவிட்டு, "எனக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லி எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. சந்தையில் போய்ப் பார்த்தால் சம்பூசாவின் ஒரு பக்கம் கருகி இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் நடக்காதது. செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை பாதி நாள்தான். சாப்பிட்ட கையோடு அவள் வீட்டுக்குப் போனேன். நீலச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்.

கதவை உள்ளே இழுத்துத் தாழ் போட்டாள். "ரெண்டு பத்திடி" என்றாள்.

"எது அக்கா?"

"பத்து வருசம் முன்னால எலி துணியக் கடிச்சிடுச்சு. வேற துணி மாத்தினேன். மாத்தும்போது நடுவுல தானா விரிஞ்சுது. கண்ண மூடிக்கிட்டேன். மூடறதுக்குள்ள பாத்துட்டேன். நடுவுல இடம் விட்டு ரெண்டு பத்தி."

உடனே என் வீட்டுக்காரர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. தலைக்கவசத்தோடு எடுத்து அனுப்பிய படத்தில் இருக்கும் முகம். "ஏதாவது தொழுகைப் பாட்டா இருக்கும்கா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நாப்பது, அம்பது பேரு போயிருக்காங்கடி இதுக்கு அடியில. எல்லாம் மத்தவங்க பெத்த புள்ளைங்க. படிக்கத் தெரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு. முட்டாளா இருந்திருந்தா ராத்திரி தூங்கியிருப்பேன்."

பிரிக்கலாமா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். இரண்டு முறை. நானும் கழுவினேன். புத்தகத்தை இறக்கி முடிச்சை அவிழ்க்கும்போது வீடு இடிந்து விழும் என்பதுபோல் இருவரும் ஒரு கணம் கூரையைப் பார்த்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நடுப்பக்கம் ஒன்றை எடுத்து, அவள் விரல் வைக்க, நான் எழுத்துக் கூட்ட, தடுமாறிய இடத்தில் அவள் சரி செய்ய, ஐந்து இணைவரிகளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு ராஜகுமாரி தோட்டத்தில் மாதுளை பறிக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் எவனோ இருமுகிறான். இருமலிலேயே அவன் யாரென்று அவளுக்குத் தெரிந்துபோகிறது. கையிலிருந்த கூடை விழுகிறது, பழங்கள் வாய்க்காலில் உருண்டு போகின்றன.

"அப்புறம்?" என்றாள் ஹோஸியத் அக்கா. கேட்டுவிட்டு அவளே விக்கித்துப் போனாள். பிறகு தலைத்துணியின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டாள். "இந்த இருமலுக்கு அடியிலயா என் புள்ளய அனுப்பினேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சை மாற்ற முதல் பக்கத்துக்குப் புரட்டினேன். அங்கே ஒரு ஓட்டை. கத்தரிக்கோலால் சீராக வெட்டி எடுத்த நீள்சதுரம், வழக்கமாகச் சொந்தக்காரர் பெயர் எழுதுகிற இடத்தில். ரஷ்யர் ஆட்சியில் போலீஸ்காரர்கள் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனதும், இந்த எழுத்தில் புத்தகம் வைத்திருந்தவர்களை அந்த வருடங்களில் தேடி வந்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். ஆனால் வெட்டிய விளிம்பை நான் பார்த்தது அன்றுதான். ஹோஸியத் அக்கா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு அடுத்த தாளைத் தொட்டாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"அம்மா வெட்டினது. தையல் கத்தரி" என்றாள். "அம்மா பயந்தது அல்லாவுக்கு இல்லடி. கதவத் தட்டறவனுக்கு. நான்தான் ஆயுசு பூரா அத வேதம்னு நெனச்சிருக்கேன்."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. அவள் கை தானாகப் புத்தகத்தின் மேல் துணியை இழுத்தது.

பக்கத்து வீட்டு ஸுலைஹோ. பின்னால் அவள் இளைய மகன் கமோல், பத்தொன்பது வயது, தோளில் புதுப் பை. ரஷ்யாவுக்குக் கிளம்புகிறான், பேருந்து இன்னும் கால் மணியில். அவன் ஒரு வாய் கடித்த ரொட்டியை ஸுலைஹோ துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவன் திரும்பி வந்து மீதியைச் சாப்பிடும் வரை அது வீட்டுச் சுவரில் தொங்கும்.

சொல்லாதே என்று நான் கண்ணால் கெஞ்சினேன். என் சுயநலம்தான். வெளியே சொல்லாதவரை என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது என்று பட்டது.

"ஸுலைஹோ, இது வேதம் இல்ல" என்றாள் ஹோஸியத் அக்கா. "பாட்டுக்கதை. ராஜகுமாரி, மாதுளம்பழம், அந்த மாதிரி. இப்பத்தான் படிச்சோம்."

ஸுலைஹோ என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அக்கா, வண்டிக்கு நேரமாச்சு. என் மூத்தவன் இதுக்கு அடியிலதான போனான்? ரெண்டு விரல் போச்சு, ஆளு முழுசா வந்தான்ல. தூக்கிப் பிடிங்க."

"நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுதுக்கா. தூக்கிப் பிடிங்க."

ஹோஸியத் அக்கா வாசல்படியில் நின்று தூக்கிப் பிடித்தாள். எப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறவள் இன்று மூடவில்லை. கமோல் குனிந்து புகுந்தான், திரும்பினான், மறுபடி புகுந்தான். மூன்றாவது தரம் அவன் வெளியே போகுமுன் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு அவன் வழியை மறித்தாள்.

"எத்தனாவது மாடி?"

"ஒம்பதுன்னு சொன்னாங்க பெரியம்மா."

"இடுப்புக்குக் கயிறு குடுப்பாங்களா?"

"தெரியல பெரியம்மா. போனாத்தான் தெரியும்."

அவள் குனிந்து அவனுடைய இடைவாரில் இரண்டு விரல்களை நுழைத்தாள். சுற்றிலும் தடவிப் பார்த்தாள். கொக்கியைக் கழற்றி ஒரு துளை இறுக்கிப் போட்டாள். பிறகு தன் பாரம் முழுவதையும் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். அவன் தடுமாறி அவள்மேல் சாய்ந்தான். வார் தாங்கியது. தெருமுனையில் பேருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் விரல்களை எடுக்கவில்லை.