கட்டை விரலில் மூன்று மாதம்

விஜயகுமாரி யாரையும் நம்பமாட்டாள். திருமுல்கேரியில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பார்லருக்கு வருகிறவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவள் தலைமுடியைப் பார்த்துவிடுவாள். "நான் டை அடிச்சதே இல்ல" என்று ஒரு அம்மா சாதித்தபோது, வகிட்டில் இரண்டு சென்டிமீட்டர் நரையைக் காட்டி, "ரெண்டு மாசம் முந்தி அடிச்சிருக்கீங்க" என்றாள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், கை நகம் மூன்று மில்லிமீட்டர். இது தெரிந்தபின் மனிதர் பேச்சு எதற்கு என்பது அவள் கட்சி. எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அவள் முன்னால் கையை நீட்டப் பயம்.

அவள் கணவர் குணசேகரனுக்குப் பதினொரு வருடமாகப் பட்டான்செருவில் ஒரு கெமிக்கல் யூனிட்டில் வேலை. அமிலம் பட்டுப் பட்டு நகம் பத்தும் மஞ்சள். விரல் நுனி வெடித்து உப்புத்தாள் மாதிரி இருக்கும்.

போன வாரம் அவள் என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

"ஷோபா, அவரு நகம் அடியில சுத்தமா வளருது."

"நல்லதுதானேடி?"

"என்ன நல்லது? பிளான்ட்டுக்குப் போற ஆளுக்கு நகம் எப்படி வெளுக்கும்? காலைல டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு வேற எங்கயோ போறாரு."

"சம்பளம் வருதில்ல?"

"வேற எடத்துலருந்து வரலாமே. அந்த எடத்துல யாரு இருக்காளோ!"

சந்தேகக் கோடு சந்தோஷக் கேடு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! சட்டையை மோந்தாள், பையைக் கொட்டினாள். தோலை நம்பமாட்டேன் என்றாள். அது மேல் அடுக்கை ஒரு மாதத்துக்குள் உதிர்த்துச் சாட்சியைக் கலைத்துவிடுமாம். நகம் அப்படி இல்லை. உயிரில்லாத பொருள், பட்ட கறையைச் சுமந்துகொண்டே நுனிக்கு நகரும்.

நேற்று அவருக்கு வார லீவு. மத்தியானம் அவளைக் கூட்டிப் போக வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையை வெந்நீரில் ஊறப்போட்டாள். பாவம், மனிதர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் சின்ன ஸ்கேலைக் கட்டை விரலில் வைத்தாள். அடியிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் சுத்தம், நுனியில் மட்டும் மஞ்சள்.

"மூணு மாசம். சொல்லுங்க, மூணு மாசமா எங்க போறீங்க?"

"பிளான்ட்டுக்குத்தான்."

"அப்ப மஞ்ச எங்க போச்சு?"

"கிளவுஸ் போடறேன்."

"பதினோரு வருஷமா போடாதவரா? வேர்க்குது, வால்வுல பிடி கிடைக்கலன்னு சொன்னவரா?"

"ஹவ், ஆமா, வேர்க்கத்தான் செய்யுது" என்றார். பிறகு என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உன் தங்கச்சி கல்யாணத்துல போட்டோ எடுக்கறப்ப உன் தோள்ல கை வெச்சேன். பட்டுப் பொடவையில விரல் மாட்டி நூல் இழுத்துடுச்சு. கையத் தட்டிவிட்ட. இந்தக் கையால என்னத் தொடாதீங்கன்ன."

விஜயகுமாரி சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். எழுந்து போய்த் தாள்களைப் பின்னால் புரட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தங்கச்சி கல்யாண நாளில் அவளே போட்ட சிவப்பு வட்டம் இருந்தது. அவள் மறந்துபோன பேச்சுக்கு அவர் விரலில் தேதி இருந்தது.

திரும்பி வந்து அவர் கையைத் துடைத்தாள். விரல் நுனியை ஒவ்வொன்றாகத் தடவினாள். வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. மிச்ச மஞ்சளை வெட்ட நகவெட்டியை எடுத்தாள்.

"நக்கோ, வேணாம் விஜி. அவ்ளோ ஒட்ட வெட்டினா வலிக்கும். தானா வளந்து போயிடும்."

"எத்தன நாளாகும்?" என்று அவரிடம் கேட்டாள், மில்லிமீட்டர் கணக்கில் ஊரையே மடக்குகிறவள். அந்தக் கையை அவள் விடவே இல்லை.