ஓட்டு விழாத தலைவி

வெள்ளைப் பீங்கானில் செய்த பெரிய ஊறுகாய் ஜாடிதான் அந்த வருடம் எங்கள் கல்லூரியின் வாக்குப் பெட்டி. தகரப் பெட்டியின் பூட்டு தேர்தல் அன்று காலையில்தான் உடைந்துகிடந்தது தெரிந்தது. என்ன செய்வதென்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த தன் அப்பாவிடம் ஓடிப்போய் தலைவர் பதவிக்கு நின்ற சீனியர் அக்கா அந்த ஜாடியை வாங்கி வந்தார். அவரை எதிர்த்து நின்றவர்களும் சம்மதித்தார்கள். ஜாடியின் வாய்க்கு அட்டை வைத்து, நடுவில் கீறி, அரக்கு உருக்கி ஒட்டியது நான். வெயிலில் அந்த ஜாடி நிலாத் துண்டுபோல மேசைமேல் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம்வரை அதன் பக்கத்தைவிட்டு நான் நகரவில்லை.

அக்கா எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர். மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்கு எங்கள் கல்லூரியில் அதுவரை ஒரு பெண்ணும் நின்றதில்லை. நான் இணைச் செயலாளர் பதவிக்கு மனுப் போட்டிருந்தேன். எதிர்த்து யாரும் நிற்காததால் வாக்கெடுப்பு இல்லாமலே தேர்வானேன். அக்கா ஒரே ஒரு கோரிக்கையைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். வேப்பூர்ப் பக்கம் போகும் பஸ் கல்லூரி வாசலில் நிற்க வேண்டும். சாயங்கால வகுப்பு முடிந்து டவுன் பஸ் நிலையத்துக்கு நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் போனால் இருட்டிவிடும். "இன்னொரு நாளு இருட்டி வந்தீன்னா படிப்ப நிறுத்திடுவேன்" என்று என் அப்பா சொல்லியிருந்தார். அக்காவின் வீடு டவுனிலேயே, நடக்கிற தூரம். அவருக்குப் பஸ்ஸே தேவையில்லை.

அக்கா ஜெயித்தார். அன்று எங்கள் தலைகளில் விழுந்த வேப்பம்பூ உதிர்வா, யாரோ கிழித்து வீசிய காகிதமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் வெள்ளையாக, மெதுவாக விழுந்துகொண்டே இருக்கிறது நினைவில்.

மூன்றாம் நாள் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தேர்தலே தொல்லை என்று நினைத்தவர் அவர். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. வேட்பாளரே கொண்டுவந்த ஜாடி சரியாக மூடப்படவில்லை, வாக்குப் பதிவில் நம்பிக்கை இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

"நீதானம்மா கூடவே இருந்த. நீ கையெழுத்துப் போட்டா போதும். பஸ்ஸு நிக்கிறதுக்கு நானே டெப்போவுல பேசறேன். உனக்கு நல்லதுதான சொல்றேன்?"

அரக்கை ஒட்டிய என் விரலில் சூடு பட்ட இடம் இன்னும் ஆறியிருக்கவில்லை. அந்த விரல்களால்தான் கையெழுத்துப் போட்டேன்.

தேர்தல் ரத்தானது. அந்த வாரமே என்னைப் பேரவைத் தலைவியாக நியமித்தார்கள். பஸ்ஸும் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். சாலையோரம் தாவணியில் செம்மண் புழுதி படிய அக்கா வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருப்பார். பஸ் அவரைத் தாண்டும். அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. அதன்பின் அந்தக் கல்லூரியில் தேர்தல் நடக்கவே இல்லை.

போன மாதம் என் மகள் போனை நீட்டினாள். அவள் படிப்பதும் அதே கல்லூரியில்தான். மதிப்பெண் பார்த்து அவளைப் பேரவைத் தலைவியாக நியமித்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது.

"நீயும் தலைவியா இருந்தியாமே, ஆபீஸுல சொன்னாங்க. அப்பல்லாம் எலெக்ஷனாமே! உனக்கு எத்தன ஓட்டும்மா விழுந்துச்சு?"

"ஒண்ணுகூட விழல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேத்தியாத்தோப்புக்குப் போனோம். அக்கா அங்கே விதைக்கடை வைத்திருக்கிறார். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று நின்றபடியே சொன்னேன்.

"தெரியும். அன்னிக்கே காட்டுனாங்க" என்றார். "தோத்திருந்தாகூட எனக்கு ஒண்ணும் இல்லடி. ஜாடி நல்லாத்தான் மூடியிருந்துச்சுன்னு சொல்றதுக்கு ஒன்ன வுட்டா ஆளு இல்ல. நீ வருவ, சொல்லுவன்னு பரீட்ச முடியிற வரைக்கும் நெனச்சிக்கிட்டே இருந்தேன்."

அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பஸ்ஸு இப்பவும் அங்க நிக்குதா?"

"நிக்குதுக்கா."

"நிக்கட்டும்" என்று சொல்லி, டீ வாங்கிவர எழுந்து போனார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற துணிச்சலும் இல்லை.

திரும்பும்போது இரண்டு பக்கமும் நெல்வயல் வெயிலில் மிதந்துகொண்டு வந்தது. மகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன எழுதப் போற?"

"இந்தப் பதவி வேணாம்னு. எலெக்ஷன் வச்சா நிக்கிறேன்னு."

"அவங்க கோவிச்சுக்குவாங்கடி. உன் நல்லதுக்குத்தான…" என்று தொடங்கியவள், யாருடைய குரலில் பேசுகிறேன் என்று உணர்ந்து பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் குலுங்கியதில் தாள் நழுவப் பார்த்தது. நான் குனிந்து, அவள் எழுதி முடிக்கும்வரை அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.